சாகவும் கூடாது, தேறவும் கூடாது

— பொய்யில்ல தாயி, நீயே விசாரி. நேத்து மட்டும் நெத்திலிக் கருவாடு ஒரு சட்டி. சட்டியவும் சேத்துத் தின்னிருப்பேன், சூடா இருந்துச்சு, விட்டுட்டேன்.

— கையை ஆட்டாதீங்க ஐயா. பட்டை கட்டியிருக்கேன்ல. பேசுனா பிரஷர் கூடக் காட்டும்.

— காட்டட்டும். காட்டணும். தின்னது கருவாடு. அதுக்கு மேல மாவடு ஊறுகா, அதுக்கு மேல அப்பளம், அதுக்கு மேல...

— சுருளிராஜன் ஐயா!

— சரி, மூடிட்டேன்.

— ம். நூத்தி இருவத்தாறு, எம்பது.

— மிசினு கெட்டுப்போச்சு.

— மிசின் புதுசு. போன வாரம்தான் எங்களுக்குக் குடுத்தாக.

— அதேன். புது மிசினுக்கு அனுபவம் பத்தாது. கம்பம்மெட்டு ஏத்தத்துல புது ஜீப்பும் இப்பிடித்தேன் தாயி. ஏலத்தோட்டத்துக்கு ஆள ஏத்திக்கிட்டு எம்புட்டு வருசம் ஓட்டியிருக்கேன், எனக்குத் தெரியாதா? நாலு தடவ ஏறி எறங்கி, ரெண்டு தடவ பாறையில இடிச்சாத்தேன் அதுக்குப் புத்தி வரும்.

— மிசினைப் பாறையில இடிக்கணுமா?

— மெல்ல இடி.

— கதைய ஓரமா வைங்க. நானும் இத்தனை மாசமா அனுமந்தன்பட்டியில வீடு வீடா ஏறி எறங்குறேன். பக்கவாதம் வந்தவுக எல்லாரும் என்கிட்டப் பொய்தான் சொல்லுவாக. உப்பக் குறைச்சுட்டேம்மாம்பாக, ஊறுகா பாட்டில் தலகாணிக்கு அடியில இருக்கும். தெனமும் நடக்குறேம்பாக, செருப்புல சிலந்தி வலை கட்டியிருக்கும். நீங்க ஒருத்தர்தான் எல்லாத்தையும் தலகீழாச் சொல்றீக. கருவாடு தின்னேன், நடக்கவே இல்ல, மாத்திரைய மறந்துட்டேன்னு. பிரஷரைப் பாத்தா வயசுப் பையனுக்கு இருக்குற மாதிரி இருக்கு.

— எனக்கு மறைக்கத் தெரியாது.

— பீடி?

— தெனம் ஒரு கட்டு. அந்தச் சிரட்டையப் பாரு. துண்டு ரொம்பி வழியுது.

— பாத்தேன். துண்டெல்லாம் பல்லால கடிச்சு நசுங்கிக் கெடக்கு. உங்களுக்கு முன்வரிசையில பல்லே இல்லயே.

— அது பக்கத்து வீட்டு இம்மானுவேலு கடிச்சுக் குடுப்பான்.

— பீடியவா?

— நல்ல மனுசன். முறுக்கக் கூடக் கடிச்சுக் குடுப்பான்.

— அவரு குடிச்சுப் போட்ட துண்டை வாங்கி வச்சிருக்கீகன்னு சொல்லுங்க. ஏன் ஐயா? பீடிய விடுங்கன்னு நான் சொன்னேன். விட்டுட்டீக. விட்டத எதுக்கு இப்பிடி ஒளிக்கிறீக?

— ரஃபியாம்மா, இன்னும் எந்த வீட்டுக்கெல்லாம் போகணும் நீ? வெயில் ஏறுதுல்ல?

— போறேன். மொதல்ல இடது காலைக் காட்டுங்க.

— செத்த காலு. அதப் பாத்து என்ன செய்யப் போற?

— செத்த காலோட உள்ளங்கால்ல எப்பிடிச் செம்மண்ணு?

— கனவுல நடந்தேன்.

— கனவுலயா?

— விடியக்காலக் கனவு. மேகமலைப் பக்கம் போனேன். மண்ணு ஒட்டிக்கிச்சு. கழுவலாம்னு பாத்தேன், அதுக்குள்ள முழிப்புத் தட்டிருச்சு.

— செருப்புப் போட்டுக்கிட்டுப் போயிருக்கலாம்ல?

— போட்டுத்தேன் போனேன். யானை மாட்டிக்கிட்டுப் போயிருச்சு. ஒரு சோடிதேன். மிச்ச ரெண்டு காலுக்கு அது என்ன செஞ்சுச்சோ, பாவம்.

— கெண்டைக்கால் கல்லு மாதிரி இருக்கு. இதும் கனவுல வந்ததா?

— ரஃபியாம்மா, உள்ளாறதான் இருக்கியா? இந்தா, வெந்நி.

— வாங்கம்மா. இங்கனதான் இருக்கேன். ஐயாகிட்டத்தான் பேசிக்கிட்டு இருக்கேன்.

— யாருகிட்டயும் பேசிக்க. நமக்கென்ன. சீக்காளிக்கு எப்பிடி இருக்குன்னு சொல்லு.

— இந்தா கண்ணு முன்னாலதான கட்டில்ல இருக்காரு. நீங்களே நேராக் கேளுங்களேன். கட்டுன பொஞ்சாதிதான நீங்க?

— நான் பேசுறதுக்கு வரல தாயி. சீக்குக்குப் பாக்க வந்தேன். பாக்குறேன். ஏ கோழி, இங்கன என்னா மேய்ச்சல்? காலையில மாத்திரையப் போட்டாச்சான்னு கேக்குறேன், கழுத்த ஆட்டிக்கிட்டு நிக்கிற?

— போட்டாச்சு மலையம்மா.

— நான் கோழியக் கேட்டேன்.

— ரஃபியாம்மா, கோழி மாத்திரையப் போட்டுருச்சுன்னு சொல்லிரு.

— போட்டா நல்லதுன்னு கோழிகிட்டச் சொல்லிரு.

— அல்லாவே! நான் நர்ஸா, தபால்காரியா?

— ரஃபியாம்மா, இன்னைக்கு எங்கண்ணன் வர்றாக. எப்பவும் திடுதிப்புன்னுதான் வந்து நிப்பாக. இன்னைக்குப் போன் போட்டாக. நர்ஸம்மா வர்ற நாளுல்ல, அவுக வாயால கேட்டுக்கிடுறேன்னாக. ஆளு தேறிட்டாகளா இல்லையான்னு கேப்பாக. நீ உள்ளத உள்ளபடி சொல்லிரு.

— சொல்றேன் அம்மா. வீட்டுக்குள்ள வருவாகல்ல?

— தலைவாசல மிதிக்க மாட்டாக. கொல்லப் பக்கமா வந்து முருங்க மரத்தடியில நிப்பாக. நீதேன் அங்கன வரணும். நான் மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டுக் கூழு கரைச்சுக் கொண்டாறேன். உப்புப் போடல தாயி, நீ சொன்னபடிக்கு மோரும் சின்ன வெங்காயமும்தேன். நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னு கோழி சொல்லட்டும்.

— ... போயிட்டாக. ஐயா, உங்க மூஞ்சி ஏன் இப்பிடி வெளுத்துப்போச்சு?

— தாயி, மச்சான் நல்லகண்ணு கேட்டா என்ன சொல்லுவ?

— உள்ளதச் சொல்லுவேன். பிரஷர் அடங்கிருச்சு, காலு நடக்குது...

— நடக்குதுன்னு யாரு சொன்னா?

— உங்க உள்ளங்கால் சொல்லுச்சு.

— அது வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்காது. தாயி, உன் கையப் பிடிச்சுக் கேக்குறேன். 'இன்னும் தேறல, இழுத்துக்கிட்டுத்தேன் கெடக்கு'ன்னு ஒரு வார்த்தை சொல்லிரு. உனக்கு மேகமலைத் தேன் ஒரு குடம் தர்றேன். கரடிகிட்டச் சொல்லி வச்சிருக்கேன்.

— கரடிய விடுங்க. விசயத்தச் சொல்லுங்க. சொன்னாத்தான் நான் கொல்லைக்குப் போவேன்.

— உனக்குத் தெருவுல யாரும் சொல்லலியா?

— சொன்னாக. உங்க மக விஜி கல்யாணத்துல என்னமோ கிடாயப் பத்தி மைக்குல பேசினீகளாம்.

— உள்ளத்தேன் சொன்னேன். தாய்மாமன் சீருன்னு மச்சான் ஒரு கிடா பிடிச்சுக்கிட்டு வந்தாரு. குச்சனூர்ல இருந்து தாரை தப்பட்டையோட. மைக்கு என் கையில இருந்துச்சு. 'மச்சான் கிடா கொண்டாந்திருக்காக, மண்டபத்துல யாரும் ஃபேனப் போட்ராதீக, பறந்துரும்'னேன். அம்புட்டுத்தேன்.

— மண்டபமே சிரிச்சுச்சாம்ல.

— கிடா சிரிக்கல. மச்சானும் சிரிக்கல.

— தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

— கேட்டாக. 'கிடா தராசுல ஏறட்டும், அது சொல்றத நானும் சொல்றேன்'னேன். அதுக்குள்ள கிடாயப் பிரியாணி போட்டுட்டாக. சாட்சி இல்லாமப் போச்சு.

— அதுக்கா அந்தம்மா கோவிச்சுக்கிட்டுப் போனாக?

— அண்ணன் மானமா புருசன் வாயான்னு பாத்தா. அண்ணன் வண்டியில ஏறிட்டா. மக தாலி கட்டிக்கிட்டுத் திருப்பூர் வண்டி ஏறுனா, ஆத்தாக்காரி குச்சனூர் வண்டி ஏறுனா. ஒரே நாள்ல ரெண்டு பொண்ணக் கட்டிக் குடுத்த வீடு தாயி இது. விஜி மக அனுஷ்கா இப்ப நாலாப்புப் படிக்கிறா, பாத்துக்க.

— அப்புறம் எப்பிடி வந்தாக?

— எனக்கு இழுத்துக்கிச்சுல்ல, அன்னைக்கு. ராக்கப்பன் கடையில டீ குடிச்சுக்கிட்டு இருக்கேன். டீயெல்லாம் எடது பக்கமா ஒழுகுது. 'ஏலே, ஓட்டக் கிளாஸுல குடுத்திருக்க'ன்னேன். வேற கிளாஸுல குடுத்தான். அதும் ஒழுகுது. கடையில இருக்குற கிளாஸ் எல்லாமே ஓட்டைன்னு சத்தம் போட்டேன். அப்பத்தேன் அவன் என் மூஞ்சியப் பாத்தான். கிளாஸு ஓட்டை இல்ல, எனக்குத்தேன் வாய் கோணியிருக்கு.

— அவரு ஒடனே ஆட்டோவுல தூக்கிப் போட்டுக் கொண்டு போனதாலதான் பிழைச்சீக.

— அவன் கிளாஸக் காப்பாத்தத்தேன் என்னயத் தூக்குனான். சரி, கேளு. எங்க ரெண்டு குடும்பத்துலயும் ஒரு வழக்கம். பகைன்னா நல்ல காரியத்துக்குப் போக மாட்டோம், ஒரு வாய்த் தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டோம். ஆனா சீக்குக்கும் சாவுக்கும் பகை கெடையாது. சேதி கேட்ட அன்னைக்கே நல்லகண்ணு அவளக் கொண்டாந்து கொல்லப் பக்கம் எறக்கி விட்டாரு. 'ஆளு எந்திரிச்சு நடமாடுற வரைக்கும் பாத்துக்க. நடமாடுன அன்னைக்கு வண்டி வரும்'னாரு. அவளும் தலைய ஆட்டிட்டா.

— அதனால நடமாட மாட்டேன்னு படுத்துக்கிட்டீக.

— அப்பிடிப் படுத்தா மட்டும் ஆகுமா? நீதான சொன்ன? உப்ப விடல, பீடிய விடல, மாத்திரைய ஒழுங்காப் போடலன்னா ரெண்டாந்தடவ இழுக்கும், இழுத்தா திரும்ப மாட்டீகன்னு. செத்துட்டாலும் காரியம் முடிஞ்ச மறுநா அவ வண்டி ஏறிருவா. யோசிச்சுப் பாத்தேன். எனக்குச் சாகவும் கூடாது, தேறவும் கூடாது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு வரப்பு இருக்கு பாரு, அதுல நிக்கணும். அதேன், நீ சொன்னத எல்லாம் ஒண்ணு விடாமச் செய்யிறேன். திருட்டுத்தனமா.

— என் வேலையில ஒளிச்சு ஒளிச்சு உடம்பைப் பாத்துக்கிற ஆளை இப்பத்தான் பாக்குறேன். எப்ப நடக்குறீக?

— வெள்ளன. அவ பால் ஊத்தப் பண்ணைக்குப் போவாள்ல, அப்ப. கொல்லையில முருங்க மரத்துக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும். நீ காட்டிக் குடுத்த மாதிரி குதிகால ஊண்டி, முட்டிய மடக்கி. அவ செம்பு சத்தம் கேட்டா கட்டில்ல வந்து விழுந்துருவேன். மொனகுவேன்.

— மொனகல் வேறயா?

— நல்லா வரும் எனக்கு. கேக்குறியா?

— வேணாம். ஏன் ஐயா, அந்தம்மா உங்ககூட ஒரு வார்த்தை பேசுறதில்ல. கோழிகிட்டப் பேசுறாக. அதுக்கா இம்புட்டுப் பாடு?

— பேச வேணாம் தாயி. அவ இல்லாத காலத்துல இந்த வீட்டுல நான் ஒரு பொருள எங்கன வச்சேனோ அங்கனயே இருந்துச்சு. தீப்பெட்டிய மாடத்துல வச்சா மறுநா காலையிலயும் மாடத்துலதேன் இருக்கும். மூக்குக்கண்ணாடி வச்ச எடத்துல. துண்டு போட்ட எடத்துல. அம்புட்டும் என்னயவே பாத்துக்கிட்டு இருக்கும். அதத்தேன் என்னால தாங்க முடியல. இப்பத் தீப்பெட்டியத் தேடுறேன், கண்ணாடியத் தேடுறேன். யாரோ எடம் மாத்தி வைக்கிறா. தேடும்போது எம்புட்டுச் சந்தோசமா இருக்கு தெரியுமா?

— ஐயா...

— முன்னாடியெல்லாம் நேரா 'ஏங்க'ம்பா. கம்பம்மெட்டு எறக்கத்துல கொண்டை ஊசி வளைவுல திரும்பயிலே எனக்கு அது காதுல கேக்கும்.

— அங்கன இருந்து இங்கன வரைக்குமா? இதும் கதைதான?

— இதுவரைக்கும் நான் உன்கிட்டச் சொன்னதுல இது ஒண்ணுதேன் கதை இல்ல.

— சரி. இடது கையைக் குடுங்க.

— கையி மடங்கித்தேன் இருக்கணும். கையப் பாத்துத்தேன் அவ நம்புறா.

— நான் நம்பல. விரலை விரிங்க.

— விரிக்கிறேன், என்னா இப்ப. இரு.

— ம்?

— வரமாட்டேங்குது.

— நடிக்காதீங்க ஐயா.

— இல்ல தாயி. நெசமாவே வரமாட்டேங்குது. இழுக்குது. வலிக்குது. போன மாசம் வந்துச்சே? ராத்திரிப் போர்வைக்குள்ள விரிச்சுப் பாத்தேனே?

— மெதுவா. நான் பிடிக்கிறேன். இந்தா, கட்டை விரல்... ம். பயப்படாதீங்க, இன்னும் விட்டுப்போகல. ஆனா இறுக ஆரம்பிச்சிருச்சு. காலைத் திருட்டுத்தனமாவாவது நடக்க விட்டீக, தேறிருச்சு. கையைப் பகல் பூராவும் மடக்கி வச்சு வேசம் போட்டீக. புழங்காத கை அப்பிடியே மடங்கிப்போகும் ஐயா. இன்னும் கொஞ்ச நாள் இப்பிடியே வச்சிருந்தீகன்னா நடிக்கவே வேணாம்.

— வெள்ளன காலோட சேத்து கையவும் ஆட்டிக்கிறேன்.

— பத்தாது. சட்டைப் பித்தானை இந்தக் கையாலதான் மாட்டணும். சோத்துத் தட்டைப் பிடிக்கணும், செம்பைத் தூக்கணும், கதவைத் தள்ளணும். பொழுதுக்கும் அதுக்கு வேலை குடுக்கணும். வீட்டுல ஒரு ஆளு இருக்கயில பொழுதுக்கும் எப்பிடி ஒளிப்பீக? அவுக முன்னாலதான் செய்யணும்.

— ஒரு கை போனா என்னா? இன்னொண்ணு இருக்குல்ல.

— இருக்கு.

— ஒத்தக் கையில ஜீப்பு ஓட்டுன ஆளு நான். இன்னொரு கையில புலியப் பிடிச்சிருந்தேன்.

— ஐயா.

— அவ இருப்பாள்ல தாயி.

— இருப்பாக. உங்களுக்கு ஊட்டி விட்டுக்கிட்டு, வேட்டி கட்டி விட்டுக்கிட்டு. அவுகளுக்கும் வயசாகுது, இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்குறாக, பாத்தீகளா? நீங்க வச்ச வேசத்தைச் சுமக்குறது அவுகதான். நான் நல்லகண்ணு ஐயாகிட்டப் பொய் சொல்ல மாட்டேன். ஆனா என் வாயால அந்தம்மாவுக்குத் தெரிய வேணாம். நான் சொல்றதுக்கு முன்னாடி நீங்களே காட்டிருங்க.

— காட்டுனா துணிமணிய எடுத்துப் பையில வைப்பா.

— போறவுகளைப் பிடிச்சு நிறுத்துறதுக்காவது ஒரு கை வேணும்ல ஐயா?

— நீயும் நல்லாப் பேசப் பழகிட்ட. நான் சொல்லிக் குடுத்தது.

— வண்டிச் சத்தம் கேக்குதே.

— மச்சான்தேன். ஏத்தம் எறக்கம் இல்லாத ரோட்டுலயும் ரெண்டாங் கியர்ல வர்ற ஒரே ஆளு. குச்சனூர்ல ரெண்டு சனீஸ்வரரு தாயி. கோயில்ல இருக்குறவரு எள்ளு விளக்குப் போட்டாப் போயிருவாரு. இவருக்கு அதும் தெரியாது.

— கிண்டல் பேசித்தான் இந்தக் கட்டில்ல கெடக்குறீக. போதும். ஒக்காருங்க. காலைக் கீழ வைங்க. தலகாணிய எடுத்துருறேன்.

— தாயி, கொஞ்சம் பொறு. நாளைக்குக் காட்டுறேன். நாளைக்கு நாள் நல்லாருக்கு.

— ரஃபியாம்மா, அண்ணன் வந்துட்டாக. மரத்தடியில நிக்கிறாக. இந்தா கூழு. கும்பாவச் சீக்காளியோட வலது கைப் பக்கமா வச்சுட்டு நீ வா.

— நான் வைக்கல அம்மா. நீங்களே நீட்டுங்க.

— நமக்கென்ன, நீட்டுறேன். கூழு ஆறிப்போகுதுன்னு சொல்லு.

— ஐயா.

— ... இரு தாயி. பதறுது.

— பதறட்டும். தோள்ல இருந்து தூக்குங்க. அப்பிடித்தான். விரல் பின்னால வரட்டும். அம்மா, கும்பாவ விட்ராதீங்க, கொஞ்சம் பிடிச்சுக்கங்க.

— ஊத்திருவேன் போல.

— ஊத்துனா தொடைச்சுக்கிருவோம். இன்னும் கொஞ்சம். அடியில குடுத்துப் பிடிங்க.

— பிடிச்சுட்டேன். மலையம்மா, பாத்துக்க. எடது கையி. இது போன மாசமே வந்துச்சு. காலு அதுக்கும் முந்தியே வந்துச்சு. நீ பாலுக்குப் போனதும் தெனமும் கொல்லையில நடக்குறேன். பீடியும் இல்ல, கருவாடும் இல்ல. மொனகுனது எல்லாம் சும்மா. நீ போயிருவியேன்னுதேன் கெடந்தேன். இனிமே கெடந்தா கை போயிரும்னு இந்தப் புள்ள சொல்லுது. அம்புட்டுத்தேன். மச்சான்கிட்டச் சொல்லிரு. வண்டியத் திருப்பட்டும், நீ ஏறிக்க.

— அம்மா, இப்பக் கும்பாவ விடுங்கம்மா. அவரே பிடிச்சுக்கிருவாரு.

— இந்தக் கோழி எங்கன போச்சு?

— அது வெளிய போயிருச்சு மலையம்மா.

— போயிருச்சா?

— போயிருச்சு. இங்கன நான்தேன் இருக்கேன்.

— ஏங்க, நாளையிலருந்து தெருவுல நடங்க. எங்கண்ணன் கண்ணுல பட்டுறக் கூடாதேன்னு தெனமும் கொல்லையில ஒங்க காலடியக் கூட்டி அழிச்சு அழிச்சு என் இடுப்பே ஒடிஞ்சுபோச்சு.